உரிமம் போன பிறகும் ‘தெம்போ’

வணக்கம் நேயர்களே. இந்தோனேசியாவின் ‘தெம்போ’ வார இதழைப் பற்றி இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். 1971 மார்ச்சில், அதிபர் சுகார்த்தோ ஆட்சியில், கவிஞர் குணாவான் முகம்மதுவும் நண்பர்களும் ஜகார்த்தாவில் தொடங்கிய இதழ். அந்தக் காலத்தில் அரசு உரிமம் இல்லாமல் அங்கே பத்திரிகை நடத்த முடியாது, கொடுத்த உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள். 1982 தேர்தல் பிரசாரத்தில் நடந்த கலவரத்தை எழுதியதற்கே ‘தெம்போ’வை இரண்டு மாதம்போல முடக்கி வைத்தார்கள்.

பெரிய அடி 1994இல் விழுந்தது. பழைய கிழக்கு ஜெர்மனிக் கடற்படையின் 39 கப்பல்களை அரசு வாங்கியிருந்தது. அவற்றைச் சீர்படுத்தக் கேட்ட பணம் வாங்கிய விலையைவிடப் பல மடங்கு. அதில் அமைச்சர் ஹபீபிக்கும் நிதியமைச்சருக்கும் நடந்த இழுபறியை ‘தெம்போ’ அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது. ஜூன் 21ஆம் தேதி ‘தெம்போ’, ‘எடிட்டர்’, ‘தெத்திக்’ மூன்றுக்கும் ஒரே நாளில் உரிமம் ரத்து. தெருவில் இறங்கிக் கேட்டவர்களைப் போலீஸ் அடித்தது.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சுகார்த்தோவுக்கு நெருக்கமான ஒரு தொழிலதிபர் புதிதாக ஒரு வார இதழ் தொடங்க, ‘தெம்போ’வில் இருந்தவர்கள் சிலர் அங்கே போய்விட்டார்கள், சம்பளம் வேண்டுமே, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குணாவான், உரிமத்தை ரத்து செய்த தகவல் துறை அமைச்சர் மேலேயே வழக்குப் போட்டார். பத்திரிகைச் சட்டத்தில் தடைக்கே இடமில்லை, அப்படியிருக்க ஓர் அமைச்சரின் உத்தரவு எப்படிச் செல்லும் என்பதுதான் வாதம். 1995 மே 3ஆம் தேதி நீதிபதி பெஞ்சமின் மங்குடிலாகா, தடை செல்லாது என்று தீர்ப்பளித்தார். சுகார்த்தோ நாற்காலியில் இருக்கும்போதே ஒரு நீதிபதி இப்படிச் சொல்கிறார் என்றால் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்துவிட்டது.

சட்டப்படி தோல்விதான். ஆனாலும் அந்த இரண்டு வருடமும் அரசு தன் தடைக்கு நீதிமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டி வந்ததே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. வேலை இழந்த நிருபர்கள் மற்றவர்களோடு சேர்ந்து சுயேச்சையான சங்கம் கண்டார்கள், 1996இல் இணையத்தில் எழுத ஆரம்பித்தார்கள், இணையத்துக்கு உரிமம் கேட்கும் சட்டம் அப்போது இல்லை.

1998 மே மாதம் சுகார்த்தோ விலகினார், அக்டோபரில் ‘தெம்போ’ மறுபடி அச்சில் வந்தது. 1999இல் வந்த புதிய சட்டம் உரிம முறையையே எடுத்துவிட்டது.

தொல்லை அதோடு தீரவில்லை. 2003இல் ஒரு பணக்காரரின் ஆட்கள் அலுவலகத்தில் புகுந்து அடித்தார்கள். அவரைப் பற்றி எழுதியதற்காக ஆசிரியர் பம்பாங் ஹரிமுர்த்திக்கு ஒரு வருடச் சிறைத் தண்டனை, 2006இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2010இல் போலீஸ் அதிகாரிகளின் வங்கிக் கணக்குகளைப் பற்றி எழுதியபோது பெட்ரோல் குண்டு வீசினார்கள். 2025 மார்ச்சில் அரசியல் நிருபர் ஒருவர் பெயருக்குப் பன்றித் தலையைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள், சில நாளில் தலை வெட்டிய எலிகள் வந்தன. அதையும் செய்தியாகப் போட்டார்கள், போலீசில் புகாரும் கொடுத்தார்கள்.