லோடர் முன்னாடி, கவனம் பின்னாடி

வணக்கம். நாலஞ்சு ஏக்கர் வச்சிருக்கவங்க முன்னாடி லோடர், அதாவது மண்ணு எரு அள்ளித் தூக்குற பக்கெட்டு கை, மாட்டுன சின்ன டிராக்டர் வாங்கணும்னா எதையெல்லாம் பாத்து வாங்கணும், அதப் பத்தி கொஞ்சம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. எனக்கு டிராக்டர் விக்கிற வேலை இல்லீங்க, ஓட்டுறதும் அப்பப்போ பிரிச்சு மாட்டுறதும்தான் வேலை, அதனால இந்தக் கம்பெனி வாங்குங்க அந்தக் கம்பெனி வாங்குங்கன்னு எதுவும் சொல்லப் போறதில்ல.

எல்லாரும் என்கிட்ட மொதல்ல கேக்குறது எத்தனை எச்.பி. எடுக்கலாம்னுதான். நான் திருப்பிக் கேக்குறது, வண்டி எவ்ளோ வெயிட்டுன்னு. அதுக்கு பாதிப் பேருக்கு பதில் தெரியாது, விக்கிறவங்கள்லயே சில பேரு புத்தகத்தப் புரட்டித்தான் சொல்லுவாங்க. ஆனா 25 எச்.பி. வண்டி ரெண்டு பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஒண்ணு 700 கிலோ, இன்னொண்ணு 1,200 கிலோ, எஞ்சின் ஒரே மாதிரி இருந்தாலும் மண்ணுல எறக்கினா ரெண்டும் வேற வேற வண்டி. எச்.பி. பி.டி.ஓ.வ, அதாவது பின்னாடி மாட்டுற கருவிய சுத்த வைக்கிற தண்ட, ஓட்டுறதுக்கு, வெயிட்டு மண்ணப் புடிக்கிறதுக்கு. கலப்ப இழுக்குறதும் சரி லோடர் தூக்குறதும் சரி, மண்ணப் புடிக்கிற வேலைதான்.

இதுல ஒரு பழைய கதை இருக்கு, கொஞ்சம் சுத்தி வரேன், பொறுத்துக்கங்க. ஹாரி ஃபெர்குசன்னு அயர்லாந்துல ஒருத்தரு இருந்தாரு. அவரு காலத்துல கலப்பைய டிராக்டருக்குப் பின்னாடி வண்டி மாதிரி கட்டி இழுப்பாங்க, கலப்ப கல்லுல வேருல மாட்டுச்சுன்னா டிராக்டர் முன்பக்கம் எந்திரிச்சு அப்படியே ஓட்டுறவர் மேல மல்லாந்துரும். ஃபெர்குசன் என்ன பண்ணாருன்னா, கலப்பைய மூணு இடத்துல புடிச்சு வண்டியோட சேத்தாரு, கீழ ரெண்டு கை, மேல ஒரு டாப் லிங்க். மண்ணு கலப்பையப் புடிச்சு இழுக்கும்போது அந்த டாப் லிங்க் வண்டிய முன்னாடி தள்ளி அமுக்கும், கலப்பையோட பாரமும் பின் சக்கரத்து மேல ஏறும். 1939-ல வந்த ஃபோர்டு-ஃபெர்குசன் 9என் வண்டியில இதுதான் விசேஷம், எடை கம்மியான வண்டி தன்ன விடப் பெரிய வண்டி செய்யற உழவச் செஞ்சுச்சு. இன்னைக்கு நீங்க பாக்குற சின்ன டிராக்டர் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் பின்னாடி இருக்கது அந்த ஏற்பாடுதான்.

இப்ப லோடர மாட்டுங்க, கதை தலைகீழாப் போயிரும். பின்னாடி மாட்டுற கருவி பின் சக்கரத்துக்குப் பாரம் குடுக்குது, முன்னாடி மாட்டுற லோடர் பின் சக்கரத்துல இருந்து பாரத்தத் திருடுது. எவ்ளோ திருடும்னு ஒரு கணக்கு சொல்றேன், பேப்பர் இருந்தா எழுதிக்கங்க. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 1.6 மீட்டர்னு வைங்க, பக்கெட்டுல இருக்க மண்ணு முன் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்னாடி நிக்குதுன்னு வைங்க. 400 கிலோ தூக்குறீங்க. முன் சக்கரத்த ஊனி நெம்புற மாதிரி ஆகுறதால, முன் ஆக்சில்ல ஏறுறது 400 இல்ல, 700 கிலோ! பின்னாடி 300 கிலோ கொறைஞ்சு போச்சு. வண்டியே ஆயிரம் கிலோ சுத்துவட்டாரம்னா, பின்னாடி 300 போனா என்ன மிச்சம் இருக்கும்?

அதுக்குத்தான் பின்னாடி எதிர்ப்பாரம் வேணும்ங்கறது. பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால 300 கிலோ பெட்டி ஒண்ண மாட்டுனீங்கன்னா பின் ஆக்சிலுக்கு கிட்டத்தட்ட 490 கிலோ கெடைக்குது, முன் ஆக்சில்ல இருந்து 190 கிலோ எறங்குது. இதே 300 கிலோவ டயருக்குள்ள தண்ணியா ரொப்புனா பின்னாடி 300 ஏறும், அது நல்லதுதான், வண்டி சாயாம நிக்கவும் உதவும், ஆனா முன் ஆக்சில்ல இருந்து ஒரு கிலோ கூட எறங்காது. இந்த வித்தியாசம் தெரியாமதான் நெறைய பேரு டயர்ல தண்ணி அடிச்சாச்சு போதும்னு விட்டுர்றாங்க, அப்பறம் முன் ஆக்சில் சீல் போச்சு, பேரிங் போச்சு, ஸ்டியரிங் கனமா இருக்குன்னு வர்றாங்க. லோடர் வாங்கக் காசு இருக்கும், பின்னாடி மாட்டுற சிமெண்ட் கட்டைக்கு யோசிப்பாங்க. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதைதான். தனியா பெட்டி வேணாம்னா மண்ணக் கெளறுற உங்க ரோட்டவேட்டரையே மாட்டிக்கிட்டு லோடர் வேலை பாருங்க, நீளம் கூடும், திருப்புறது கஷ்டம், ஆனா பாதுகாப்பு.

நானே ஒருதடவ பட்டிருக்கேன். பின்னாடி ஒண்ணும் மாட்டல, ரெண்டே நடைதானேன்னு ஈர எருவ அள்ளிக்கிட்டு சரிவுல எறங்குறேன், டூ வீல்லதான் போட்டிருந்தேன். பிரேக்க மிதிக்கிறேன், வண்டி நிக்கல, வழுக்கிக்கிட்டே போகுது. ஏன்னா இந்த மாதிரி வண்டி நெறையாவுக்கு பிரேக்கு பின் சக்கரத்துலதான் இருக்கு, பின் சக்கரமோ தரையில தொட்டும் தொடாம இருக்கு, எங்கிருந்து புடிக்கும்? பக்கெட்ட கீழ எறக்கி மண்ணுல ஊணி நிறுத்துனேன். ஃபோர் வீல் போட்டிருந்தா கியர் வழியா முன் சக்கரமும் சேந்து புடிச்சிருக்கும். அதனால லோடர் வேணும்னா ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம், சேறு இருக்கோ இல்லையோ, பிரேக்குக்காக.

அடுத்து லோடர் எவ்ளோ தூக்கும்ங்கற நம்பர். போஸ்டர்ல பெருசாப் போட்டிருக்கறது பெரும்பாலும் பக்கெட் மாட்டுற பின்னு கிட்ட அளந்தது. மண்ணு பின்னுலயா இருக்கு? அரை மீட்டர் முன்னாடி இருக்கு, அங்க அளந்தா நம்பர் நல்லாவே கொறையும். சில புத்தகத்துல ரெண்டுமே போட்டிருப்பான், பின்னுக்கு 500 மில்லிமீட்டர் முன்னாடின்னு இருக்கறதப் பாருங்க, அதுவும் முழு உயரத்துக்குத் தூக்குறதா பாதி உயரத்துக்கான்னு பாருங்க. அதுல இருந்து பக்கெட்டோட சொந்த எடையக் கழிங்க. ஈர மண்ணு ஒரு கன மீட்டர் ஒண்ணேமுக்கால் டன் வரைக்கும் வரும், 0.2 கன மீட்டர் பக்கெட்டுன்னா ஒரு அள்ளுக்கு 350 கிலோ. மக்குன எரு அதுல பாதிக்கும் கீழதான் இருக்கும். அதனால எரு அள்ளுறவருக்குப் பெரிய பக்கெட்டு, மண்ணு ஜல்லி அள்ளுறவருக்குச் சின்ன பக்கெட்டு. எல்லாத்துக்கும் பெரிய பக்கெட்டுன்னு போனா ஜல்லி அள்ளுற அன்னைக்கு தெரியும்.

இன்னொண்ணு, லோடர் புல்டோசர் இல்ல. கெட்டியான தரையில ஓடி வந்து முட்டுறது, பக்கெட்டு மூலையால வேர நெம்புறது, இதெல்லாம் லோடர் கையத் திருகிப் போட்டுரும். அள்ளுறதுக்கும் தூக்குறதுக்கும் மட்டும் வச்சுக்கங்க.

சரி, வயல் வேலைக்கு வருவோம். இங்கதான் எச்.பி. கேள்விக்கு எடம். எஞ்சின் 25 எச்.பி.ன்னா பி.டி.ஓ.வுல அவ்ளோவும் வராது, கியர் வண்டியில சுமார் 21, 22, கிளட்ச் மிதிக்காம ஆயில் அழுத்தத்துல ஓடுற ஹைட்ரோஸ்டாடிக்னா சுமார் 19, 20 அப்படித்தான் நிக்கும். நாலடி ரோட்டவேட்டருக்கு அது போதும். பெருசு எடுத்தா சீக்கிரம் முடியுமேன்னு கேப்பீங்க. 1.2 மீட்டர் ரோட்டவேட்டர், மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகம், திரும்புறதுக்கு அஞ்சுல ஒரு பங்கு கழிச்சா மணிக்கு 2,400 சதுர மீட்டர், அப்ப ஒரு ஏக்கருக்கு ஒரு மணி நாப்பது நிமிஷம். 1.5 மீட்டர் ரோட்டவேட்டர்னா ஒரு மணி இருவது நிமிஷம். மூணு ஏக்கர்ல மிச்சம் ஆகுறது ஒரு மணி நேரம்! அதுக்காகப் பெரிய வண்டி வாங்கி, வரப்போரம் திரும்ப எடமில்லாம முன்ன பின்ன எடுத்து, அந்த ஒரு மணி நேரத்த அங்கயே விட்டுட்டு வருவீங்க. அகலத்துல பாக்க வேண்டியது வேற: ரோட்டவேட்டர் பின் டயரோட வெளி ஓரத்த மூடணும், இல்லன்னா உழுத மண்ணுல டயர் தடம் அப்படியே நிக்கும்.

கியரா ஹைட்ரோஸ்டாடிக்கா, இது தீராத சண்டை. என் கருத்து இதுதான், உங்க வேலை மணி நேரத்த எழுதிப் பாருங்க, வருஷத்துல லோடர் வேலை பாதிக்கு மேலன்னா ஹைட்ரோஸ்டாடிக், ஏன்னா லோடர்ல நிமிஷத்துக்கு நாலு தடவ முன்ன பின்ன போகணும், ஒவ்வொரு தடவையும் கிளட்ச மிதிச்சா சாயங்காலம் முழங்காலு பேசும். உழவும் ரோட்டவேட்டரும்தான் அதிகம்னா கியர், சக்தி வீணாகாது, ரிப்பேரும் சுலபம். ரெண்டுக்கும் நடுவுல ஷட்டில் கியர்னு ஒண்ணு இருக்கு, ஸ்டியரிங் பக்கத்துல ஒரு லீவர், முன்ன பின்ன மட்டும் மாத்தும், எனக்குப் பிடிச்சது அதுதான்.

டயர் பத்தி சுருக்கமா. ஆழமான கட்டை வச்ச ஆர்-1 ஈர வயலுக்கு, சைடு கெட்டியான ஆர்-4 லோடருக்கு. வயலுதான் முக்கியம்னா ஆர்-1 எடுத்துட்டு முன் டயர்ல காத்து சரியா வச்சுக்கங்க, அவ்ளோதான்.

இது மட்டும் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. டிராக்டருக்கு நாலு சக்கரம், ஆனா முன் ஆக்சில் நடுவுல ஒரே ஒரு பின்னுல ஆடிக்கிட்டு இருக்கு, மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி சாயறதுக்காக. அப்ப வண்டி நிக்கறது முக்காலி மாதிரிதான், பின்னாடி ரெண்டு காலு, முன்னாடி நடுவுல ஒரு காலு. பக்கெட்ட உயரத் தூக்கிக்கிட்டு சரிவுல குறுக்கப் போனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. பக்கெட்டு எப்பவும் முழங்கால் உயரத்துக்குக் கீழ, கொட்டுற எடத்துல மட்டும் மேல. தலைக்குப் பின்னாடி இருக்கற இரும்பு வளைவு, ரோல் பார், அது இல்லாத வண்டிய யாரு சும்மா குடுத்தாலும் வேணாம். சுவீடன் நாட்டுல 1959-லயே புது டிராக்டருக்கு கவிழ்ந்தா காப்பாத்துற இரும்புச் சட்டகம் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க. ஆனா வளைவு மட்டும் இருந்தா போதாது, பெல்ட்டும் போடணும், போடலன்னா வண்டி உருளும்போது நீங்க வெளிய வந்து அந்த வளைவுக்கு அடியிலயே மாட்டுவீங்க. மரத்துக்கு அடியில போறதுக்காக வளைவ மடக்கிட்டீங்கன்னா அப்ப மட்டும் பெல்ட்டப் போடாதீங்க, வேலை முடிஞ்சதும் மறுபடி நிமித்தி மாட்டிருங்க.

பழைய வண்டி வாங்குறவங்க ஒரு சோதனை பண்ணுங்க. பக்கெட்டுல லோடு வச்சு இடுப்பு உயரத்துக்குத் தூக்கி எஞ்சின நிறுத்திட்டு, கிட்ட நிக்காம, பத்து நிமிஷம் தள்ளி நின்னு பாருங்க. கொஞ்சம் எறங்குனா பரவால்ல, கண்ணுக்குத் தெரிஞ்சு எறங்குனா சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கு. ஹைட்ராலிக் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. லோடர் ஃபிரேம் எங்க போல்ட் போட்டிருக்குன்னு குனிஞ்சு பாருங்க, பின் ஆக்சில் வரைக்கும் நீளமா சட்டம் போயிருந்தா நல்லது, கிளட்ச் ஹவுசிங்லயே மொத்த பாரத்தையும் போட்டு பின்னால ஒருத்தர் சொந்தமா மாட்டுன லோடர்னா அந்த வார்ப்பிரும்பு என்னைக்காவது விரிசல் விடும்.

கடைசியா ஒண்ணு, லோடரக் கழட்டணும். உழவுக்குப் போகும்போது அது முன்னாடி தொங்கிக்கிட்டு இருந்தா தேவையில்லாத பாரம், முன் டயர் மண்ண அமுக்கும், வரப்புல இடிக்கும். இப்பல்லாம் ரெண்டு பின்னு, நாலு ஹோஸ், சொந்தக் காலுல நிக்கற ஸ்டாண்டு, பத்து நிமிஷத்துல கழண்டு வர்ற மாதிரி வருது. ஆனா ஷோரூம்ல அவங்க கழட்டிக் காட்டுறத நின்னு பாத்துட்டு வந்துராதீங்க. சாவிய வாங்கி, யாரையும் கிட்ட வர வேணாம்னு சொல்லிட்டு, நீங்களே தனியாக் கழட்டி நீங்களே தனியா மாட்டிப் பாருங்க. அதுக்கு மூணு பேரு ஓடி வந்தாங்கன்னா, அந்த மூணு பேரும் உங்க வயலுக்கு வர மாட்டாங்க. வணக்கம்.