கோபத்தை வச்சே அரை நூற்றாண்டு ஓட்டின கேல் கார்டன்

[கறுப்புத் திரை. பழைய ரேடியோவின் கரகரப்பு.]

ஒரு ஆளுக்குக் கோபம் தலைக்கேறுதுன்னு ரேடியோவுல எப்படிக் காட்டுவீங்க? முகம் சிவக்கிறது தெரியாது, பல்லைக் கடிக்கிறதும் தெரியாது. அமெரிக்க நடிகர் கேல் கார்டன் பிடிச்ச வழி ரொம்ப எளிமையானது. பேச்சை நிறுத்திடுவார்.

1940-கள்ல 'ஃபிபர் மெக்கீ அண்ட் மாலி'ன்னு ஒரு ரேடியோ காமெடி சக்கைப்போடு போட்டுச்சு. அதுல இவர் மேயர் லா ட்ரிவியா. அப்போதைய நியூயார்க் மேயர் லா கார்டியாவைக் கிண்டலடிச்சு வச்ச பேர் அது. மேயர் பந்தாவா வந்து, பேச்சுவாக்குல ஒரு சொலவடையை விடுவார். மெக்கீ தம்பதி அதை அப்படியே நேர் அர்த்தத்துல பிடிச்சுக்கிட்டுத் துருவுவாங்க. இவர் விளக்குவார், அவங்க மறுபடி கேப்பாங்க. வார்த்தைகள் இடம் மாறி, நாக்கு குழறி... திடீர்னு சத்தமே வராது.

[இரண்டு நொடி அமைதி.]

ஸ்டுடியோவுல சிரிப்பு அங்கேயே கிளம்பிடும். வெடிக்கிறதெல்லாம் அப்புறம்தான்.

இதே மனுஷன் 1935-ல ரேடியோவுல ஃபிளாஷ் கார்டனா, விண்வெளி ஹீரோவா நடிச்சவர்னா நம்புவீங்களா?

[பள்ளி முதல்வர் அறை, பழைய டிவி சட்டகத்துக்குள்.]

1948-ல 'அவர் மிஸ் புரூக்ஸ்' ரேடியோ தொடர்ல பள்ளி முதல்வர் கான்க்ளின். 1952-ல தொடர் டிவிக்குப் போனப்ப இவரும் போனார். இத்தனை நாள் காதால கேட்ட மௌனத்துக்கு ஒரு முகம் கிடைச்சுது.

காமெடி நடிகை லூசில் பால் லூசியா நடிச்ச 'ஐ லவ் லூசி' டிவி தொடர்ல, வீட்டு ஓனர் ஃபிரெட் மெர்ட்ஸ் வேஷத்துக்கு அவங்க முதல்ல கேட்டது இவரைத்தான். 'மிஸ் புரூக்ஸ்' ஒப்பந்தத்தால முடியலை, வில்லியம் ஃபிராலி வந்தார். என்னைக் கேட்டா, நல்லதுதான். ஃபிரெட் சும்மா முணுமுணுக்கிற கஞ்சன். கார்டனுக்கு ஒரு நாற்காலி வேணும்: மேயர், முதல்வர், மேனேஜர்னு. கெடுக்கிறதுக்கு ஒரு கெத்து இருந்தாதானே அந்த மௌனம் எடுபடும்?

1963-ல லூசில் பால் அந்த நாற்காலியைச் சரியாவே கொடுத்தார்: 'தி லூசி ஷோ'வுல பேங்க்காரர் மூனி. 1968-ல இருந்து 1974 வரைக்கும் 'ஹியர்ஸ் லூசி'யில முதலாளி ஹாரிசன் கார்ட்டர். நடுநடுவுல இந்தக் கனவான் கோட்டு சூட்டோட கரணமும் அடிப்பார்!

1986-ல 'லைஃப் வித் லூசி'. கார்டனுக்கு வயசு 80. எட்டு எபிசோடு ஒளிபரப்பினதோட சேனல் அதை நிறுத்திடுச்சு. அதுலயும் ஹார்டுவேர் கடைப் பங்காளியா வந்து, லூசிகிட்ட எரிஞ்சு விழுந்துக்கிட்டுதான் இருந்தார்.