திங்கட்கிழமை மட்டும் வழுக்கும் கார்

நேயர்களுக்கு வணக்கம். கார் ஓட்டுகிறவர்களில் பலருக்கு இது ஒருமுறையாவது நடந்திருக்கும். தினமும் போகிற வளைவு, தினமும் போகிற வேகம். திடீரென்று வண்டி நம் பேச்சைக் கேட்காது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்க, வண்டி ஒரு பக்கம் போகும். ஒரு நொடிதான். அப்புறம் சரியாகிவிடும். நமக்குப் படபடப்பு அடங்குவதற்குள் பக்கத்து சீட்டில் இருப்பவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்: "டயர் போச்சு. நாலையும் மாத்திடுங்க."

பல வருடமாக நான் சண்டை போடுவது இந்தத் தீர்ப்போடுதான். டயராகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'எது கெட்டுப்போச்சு' என்று கேட்பதற்கு முன்னால் 'எப்போது வழுக்கியது' என்று கேட்க வேண்டும்.

ஒரு கதை சொல்கிறேன். என் நண்பர் ஒருவருடைய கார் திங்கட்கிழமை காலையில் மட்டும் வழுக்கும். நம்புங்கள், திங்கட்கிழமை மட்டும்தான். வீட்டை விட்டுக் கிளம்பி முதல் திருப்பத்தில் பின்பக்கம் லேசாக வால் ஆட்டும். உடனே ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போவார். அங்கே போய்ச் சேர்வதற்குள் வண்டி சமர்த்தாகிவிடும். வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகுமே, அது மாதிரி. சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்தார்கள். பின்னால் இரண்டு டயரைப் புதிதாகப் போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை, அதே திருப்பம், அதே வால் ஆட்டம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேறு வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கார் நிற்கிறது. டயர் நான்கும் ஷூவுக்குப் பாலிஷ் போட்ட மாதிரி பளபளவென்று கறுப்பு. குனிந்து, தரையில் உருளும் பகுதியை, பட்டன் என்று சொல்கிறோமே அதை, உள்ளங்கையால் தடவினேன். தலைக்கு எண்ணெய் தேய்த்த கை மாதிரி ஆகிவிட்டது என் கை. "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "வண்டியைக் கழுவி, டயருக்கு ஸ்ப்ரே அடிப்பேன்" என்றார். பக்கவாட்டில் மட்டும் பூச வேண்டிய மெருகு, பட்டன் மேலும் படிந்திருக்கிறது. சில கிலோமீட்டர் ஓடியதும் ரோடு அதைத் தேய்த்து எடுத்துவிடும். அப்புறம் மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பார், பாவம்? புது டயர் வந்த சந்தோஷத்தில் அவர் இரண்டு பூச்சு கூடுதலாக அடித்திருக்கிறார் என்பது தனிக் கதை.

ஆகவே, எப்போது? திரும்பச் சொல்கிறேன், எப்போது வழுக்கியது? ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அகலம்தான். பிரேக், திருப்பம், வேகம் கூட்டுவது, இந்த மூன்றுக்கும் அந்த நான்கு உள்ளங்கைகள்தான் பிடிமானம்.

வேகம் கூட்டும்போது என்றால் மீட்டரைப் பாருங்கள். எஞ்சின் உறுமுகிறது, வேகமுள் மட்டும் ஏறவில்லையா? கியர் மாற்றி ஓட்டுகிற வண்டியானால் அது பெரும்பாலும் டயர் வழுக்கல் இல்லை, கிளட்ச் வழுக்கல். மேட்டில் ஏறும்போது கருகல் வாடையும் வரும். சக்கரமே சுற்றி வழுக்கினால் பெரும்பாலும் வேகமுள்ளும் சேர்ந்து துள்ளும். கிளட்ச் போன வண்டிக்கு டயர் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பிரேக் போடும்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வழுக்கினால், ஒரு சக்கரத்தின் பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, சக்கரங்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். ஒரு சக்கரத்தின் உட்புறம் ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

மேடு பள்ளமான திருப்பத்தில் மட்டும் வழுக்கினால், சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். சக்கரம் துள்ளித் துள்ளித் தரையை விட்டுவிடும். டயரைத் தடவினால் அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருப்பது தெரியும். இதற்கும் உள்ளங்கைதான்!

மழை. நீண்ட நாள் காய்ந்து கிடந்த ரோட்டில் முதல் தூறல் விழும்போது தூசியும் எண்ணெயும் குழைந்து வழுக்கும். அதில் டயரின் குற்றம் குறைவு. தேங்கிய தண்ணீரில் போகும்போது ஸ்டியரிங் திடீரென்று லேசானால், டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது. பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து பட்டன் ஆழத்தைப் பாருங்கள். புது டயரில் 8 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6. ஆனால் ஈரத்தில் பிடிமானம் அதற்கு வெகு முன்பே குறைய ஆரம்பித்துவிடும்.

டயர் காற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம் என்று வந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கியாம். சரி, சுருக்கமாக. டயர் ஆறியிருக்கும்போது அளவு பாருங்கள். டிரைவர் கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கிற எண்தான் உங்கள் எண். டயரின் பக்கவாட்டில் இருப்பது அது தாங்கக்கூடிய உச்சம். அதே பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் கல்லாக இறுகிப் பிடிமானம் விட்டுவிடும். கடைசியாக ஒன்று, இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்களா, புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தாலும் பின்னால்தான். ஏன் என்று... ஒரு விரல் காட்டுகிறார்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். அதனால்தான். வணக்கம்.