சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் முதல் வார்த்தை பேசுனேன்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு பெருசா எடிட்டிங் எதுவும் இல்ல, கேமராவ டேபிள் மேல வெச்சுட்டு அப்படியே பேசப்போறேன், ரொம்ப நாளா சொல்லணும்னு மனசுல கிடந்த விஷயம் இது.

வீட்டுல இருந்து தனியா வேலை பாக்க ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆச்சு. சப்டைட்டில் போடுற வேலை. ஹெட்போன மாட்டிக்கிட்டு நாள் முழுக்க அடுத்தவங்க பேசுறத கேட்டு டைப் பண்ணணும். போன வருஷம் ஒரு நாள், சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், ஒரு பார்சல் வந்துச்சு, கதவ தொறந்து எங்க கையெழுத்து போடணும்னு கேக்கலாம்னு வாய தொறக்குறேன், குரலே வரல. தொண்டைய செருமிட்டு திரும்ப கேட்டேன். அப்பத்தான் உறைச்சுது, காலையில எந்திரிச்சதுல இருந்து நான் பேசுன முதல் வார்த்தையே அதுதான். எட்டு மணி நேரமா மனுஷக் குரல கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கேன், ஆனா அதுல ஒண்ணுகூட என்கிட்ட பேசுன குரல் இல்ல.

எனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, குடும்பம் இருக்கு. அதனாலேயே எனக்கு இது தனிமைன்னு ஒத்துக்கவே ரொம்ப நாள் ஆச்சு. யோசிச்சுப் பாத்தா நான் ஆபீஸ விட்டு வந்தப்போ நெருங்குன ஆளுங்க யாரையும் தொலைக்கல, பேருகூட சரியா தெரியாத ஆளுங்களத்தான் தொலைச்சேன். லிஃப்ட்ல பாத்தா தலையாட்டுறவரு, என்ன இன்னைக்கு லேட்டான்னு கேக்குற செக்யூரிட்டி, பக்கத்து சீட்டுல பெருமூச்சு விடுறவங்க. இத பத்தி ஆராய்ச்சியே இருக்குங்க. ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன்னு ரெண்டு பேரு 2014-ல வெளியிட்டாங்க, காலேஜ் பசங்க வழக்கத்தவிட அதிகமான கிளாஸ்மேட்ஸ்கூட பேசுன நாள்ல, அதுவும் சும்மா முகம் தெரிஞ்ச ஆளுங்கதான், அன்னைக்கு சந்தோஷமா இருந்திருக்காங்க, நாமளும் இங்க ஒரு ஆளுங்கற உணர்வும் கூடியிருக்கு. அத படிச்சப்போ அந்த செக்யூரிட்டி முகம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

இன்னொண்ணு, அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி பல்கலைக்கழகத்துல 2020-ல வந்த ஒரு ஆய்வு. 40 பேர ஒரு நாள் 10 மணி நேரம் மனுஷங்க யாரும் இல்லாம ரூம்ல தனியா வெச்சாங்க, இன்னொரு நாள் 10 மணி நேரம் சாப்பாடு இல்லாம வெச்சாங்க. அப்புறம் மூளைய ஸ்கேன் பண்ணிக்கிட்டே படம் காட்டுனாங்க. பட்டினியா இருந்தப்போ சாப்பாட்டு படத்துக்கு நடு மூளையில ஒரு இடம் எப்படி தூண்டப்பட்டுச்சோ, தனியா இருந்தப்போ மனுஷங்க சேந்து இருக்குற படத்துக்கும் அதே இடம் அதே மாதிரி தூண்டப்பட்டுச்சு. வெறும் 10 மணி நேரம்ங்க. நான் தினமும் வேலை பாக்குற நேரமே அவ்வளவு வரும். அதனால உங்களுக்கு சாயங்காலம் காரணமே தெரியாம மனசு பிசையுதுன்னா, அது பலவீனம் இல்ல, பசி.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, எனக்கு பயமா இருக்குறது அதுதான். பசிச்சா சாப்பாட்ட தேடிப் போவோம். தனிமையில கிடந்தா மனுஷங்கள பாத்து ஒதுங்குவோம். ஜான் கசியோப்போன்னு சிகாகோ பல்கலைக்கழகத்துல இருந்தவரு இத ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணாரு, தனிமை நீண்டுட்டா மனசு எச்சரிக்கையாயிடும், சாதாரண பேச்சுலயும் நம்மள ஒதுக்குறாங்களோன்னு தேட ஆரம்பிச்சிடும்னு சொன்னாரு. எனக்கு அப்படியே நடந்துச்சு. பழைய ஆபீஸ் அக்கா ஒருத்தங்களுக்கு நீளமா மெசேஜ் போட்டேன், "சரி"ன்னு மட்டும் பதில் வந்துச்சு. அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு ரெண்டு வாரம் பேசல நான், கோவமா இருக்காங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் கூப்பிட்டா, அவங்க குழந்தைக்கு காய்ச்சல், ராத்திரி முழுக்க தூங்காம இருந்திருக்காங்க. அந்த ரெண்டு வாரத்துல நான்தான் அவங்களுக்கு ஆதரவா இருந்திருக்கணும்.

அன்னையில இருந்து அக்காவும் நானும் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு போன்ல பேசுறோம். விஷயம் இருந்தாலும் இல்லாட்டியும். நேரம் இருந்தா கூப்பிடுறேன்னு வெச்சா நடக்காது, கிழமையும் மணியும் வேணும். அப்புறம் சாட் வேண்டாம், குரல்தான் வேணும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல சின்ன பொண்ணுங்கள வெச்சு ஒரு ஆய்வு 2012-ல வந்துச்சு, டென்ஷன் ஆன பொண்ணுங்க அம்மாகிட்ட நேர்லயோ போன்லயோ பேசுனப்போ டென்ஷன் ஹார்மோன் கார்டிசால் குறைஞ்சுது, டைப் பண்ணி சாட் பண்ணவங்களுக்கு அந்த ஆறுதல் கிடைக்கல, அம்மாகிட்ட பேசாதவங்க நிலைமையிலதான் இருந்தாங்க. நான் முன்னாடி பாட்காஸ்ட் ஓட விட்டு சமாளிச்சேன், என் வேலைக்கு அது இன்னும் மோசம், திரும்பவும் அடுத்தவங்க பேச்சதான் கேக்குறேன்.

இப்ப காலையில இன்னொருத்தங்களும் நானும் வீடியோ கால் போட்டு வெச்சுட்டு வேலை பாக்குறோம், அவங்க மொழிபெயர்ப்பு வேலை. ஆரம்பிக்கும்போது இன்னைக்கு இத முடிக்கப்போறேன்னு ரெண்டு பேரும் சொல்லிக்குவோம், அப்புறம் மைக் ஆஃப், ஒன்றரை மணி நேரம் பேச்சே கிடையாது. நிமிந்து பாத்தா அங்க ஒரு ஆளு தலைய குனிஞ்சு வேலை பாத்துட்டு இருக்காங்க. அவ்வளவுதான். பக்கத்து சீட்டு திரும்ப வந்த மாதிரி இருக்கு எனக்கு.

அப்புறம் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வேலை முடிச்சதும் ஒரு தடவ வெளிய நடந்துட்டு வரேன், எதிர்ல வர்றவங்கள பாத்து ஒரு வார்த்தையாவது பேசிடுறேன். ஆனா ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டு, பிடிச்சதுகூட பிடிக்காம போச்சுன்னா இந்த வீடியோ பாத்து சமாளிக்காதீங்க, டாக்டர பாருங்க, தயவுசெஞ்சு.

இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, மணி மூணு அம்பது. போன வாரம் அக்கா போன எடுக்கல, திருப்பியும் கூப்பிடல. பழைய புத்தி காலையிலயே ஏதேதோ சொல்லிப் பாத்துச்சு. நான் நாலு மணிக்கு கூப்பிடப்போறேன்.