முகச் சுருக்கத்துக்கு எந்த ஊசி?

நேயர்களுக்கு என் வணக்கம். முகச் சுருக்கங்களை நிரப்புவதற்காகப் போடப்படும் ஃபில்லர் ஊசிகளைப் பற்றிப் பேசுமாறு இந்நிகழ்ச்சியினர் கேட்டுக்கொண்டார்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியோரமாக நடந்தாலே இவற்றுக்கான விளம்பரப் பலகைகள் கண்ணில் படுகின்ற காலம் இது. கல்யாண மாதங்கள் நெருங்கும்போது மணப்பெண்ணைவிட மணப்பெண்ணின் தாயாரே இதைக் குறித்து அதிகம் விசாரிக்கிறார் என்பது தோல் வைத்தியராக என் அனுபவம். அவர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும், "எது கனகாலம் நிற்கும், டொக்டர்?" என்பதாகவே இருக்கும். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: பிழைத்துப் போனால் எதைத் திரும்ப எடுக்கலாம்?

அதற்கு முன், சுருக்கம் எத்தகையது என்று பார்க்க வேண்டும். முகத்தைச் சுளிக்கும்போது புருவங்களுக்கிடையில் எழும் கோடுகளும், சிரிக்கும்போது கண்ணோரத்தில் விரியும் கோடுகளும் தசையின் இயக்கத்தால் வருபவை. அவற்றுக்குப் பொருத்தமானது பொட்டொக்ஸ் எனப்படும், தசையைத் தளர்த்தும் மருந்தே அன்றி ஃபில்லர் அல்ல. மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பு, முகம் அசையாதிருக்கும்போதும் தெரிவது. வயது ஏறக் கன்னத்தின் கொழுப்பும் எலும்பும் குறைந்து, மேலிருந்த சதை கீழே சரிவதால் அது ஆழமாகிறது. ஆகவே மடிப்பை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் வாயைச் சுற்றி முகம் கனத்துப்போகும். கன்னத்தில் சிறிதளவு இட்டாலே மடிப்பு தானாக இளகுவதும் உண்டு. வெயிலால் வந்த நுண்ணிய வரிகளுக்கும் கரும்படைக்கும் இவ்வூசிகள் இரண்டுமே உதவா. நமது தோலில் சுருக்கத்தைவிட நிறமாற்றமும் கண்ணுக்குக் கீழான பள்ளமும் முந்திக்கொள்வதால், ஊசி கேட்டு வரும் பலருக்கு நான் எழுதிக்கொடுப்பது வெயில் காப்புக் களிம்பாகவே இருக்கிறது.

1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதலாவது ஃபில்லர், மாட்டிலிருந்து எடுக்கப்பட்ட கொலாஜன் என்ற, தோலுக்கு உறுதி தரும் புரதம். ஒவ்வாமை வருமா என்று அறிய முன்கையில் சோதனை ஊசி போட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003இன் இறுதியில் ரெஸ்டிலேன் என்ற ஹையலூரோனிக் அமில ஃபில்லருக்கு அங்கு அனுமதி கிடைத்ததோடு நிலைமை மாறியது. இந்த அமிலம் நமது தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயல்பாகவே இருந்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். இன்று பெரும்பாலும் நுண்ணுயிர் நொதிப்பு மூலம் தயாரிக்கப்படுவதால், சைவ உணவுக்காரரும் ஹலால் பற்றிக் கேட்பவரும் இதில் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் இதைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸ் என்ற நொதியின் சில வகைகள் ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுக்கப்படுகின்றன என்பதையும் நான் மறைப்பதில்லை.

அந்த நொதிதான் என் வாதத்தின் மையம். ஹையலூரோனிக் அமிலம் இடத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். பிடிக்காவிட்டாலோ பிழைத்தாலோ, நொதியைச் செலுத்தி ஓரிரு நாட்களுக்குள் பெரும்பகுதியைக் கரைத்துவிடலாம். கல்சியம் ஹைட்ரொக்ஸிஅபடைட், பொலிலக்டிக் அமிலம் ஆகிய வேறு ஃபில்லர்கள் இன்னும் நீண்டகாலம் பயன் தரக்கூடியவை என்றாலும் அவற்றைக் கரைக்க இத்தகைய மருந்து கிடையாது. பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் நுண்மணிகளோ நிரந்தரமாகத் தங்குபவை. முகம் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்க, உள்ளே இட்ட பொருள் மட்டும் மாறாமல் இருப்பது ஒரு நன்மை என்று எனக்குத் தோன்றவில்லை. திரவ சிலிக்கோனை முகத்தில் ஏற்ற யாராவது முன்வந்தால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும் கட்டிகளாக வீங்கக்கூடிய அதை அகற்றக் கத்திதான் வேண்டியிருக்கும், அதுவும் முழுமையாக முடியாது.

இனி, யாரிடம் போடுவது? ஊசி போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பொருள் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட்டதா என்பதையும் கேளுங்கள். முத்திரை உடையாத பெட்டியை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றர் மட்டுமே கொண்ட, ஏற்கெனவே நிரப்பப்பட்ட ஊசியும், தொகுதி இலக்கம் அச்சிட்ட ஒட்டுத்தாள்களும் இருக்கும். அவற்றில் ஒன்று உங்கள் கோவையில் ஒட்டப்பட வேண்டும், இன்னொன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஹையலூரோனிடேஸ் அதே அறையில் இருக்கிறதா என்ற கேள்விக்குத் தடுமாறும் நிலையம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உகந்ததல்ல.

அஸ்பிரினோ இரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு மருந்தோ எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இருதய வைத்தியரைக் கேட்காமல் தாமாகவே நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடுவதே நல்லது. வீக்கமும் கண்டலும் ஒன்றிரண்டு வாரம் வரை நீடிக்கலாம் என்பதால், கல்யாணத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன் வந்து நிற்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அரிதாக, ஃபில்லர் இரத்தக் குழாயினுள் புகுந்துவிடுவதுண்டு. புருவ இடைவெளியும் மூக்கும் இதில் ஆபத்து மிகுந்த இடங்கள், ஏனெனில் அங்குள்ள நாடிகள் கண்ணுக்குச் செல்லும் நாடிகளோடு தொடர்புடையவை. தோல் திடீரென வெளிறி, பின்னர் வலை போன்ற ஊதா நிறக் கோடுகள் படர்ந்து, வழமைக்கு மாறான வலி ஏற்பட்டால் அது சாதாரணக் கண்டல் அன்று. வைத்தியரை உடனே அழைத்து நொதியைப் போடச் செய்ய வேண்டும். பார்வை மங்கினாலோ கண் வலித்தாலோ, ஐஸ் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்துவிடாதீர்கள். ஊசி போட்ட வைத்தியருக்கு அறிவித்தபடியே, அந்த ஒட்டுத்தாளையும் எடுத்துக்கொண்டு, கொழும்பில் இருப்பவர்கள் தேசிய கண் வைத்தியசாலைக்கு அப்பொழுதே புறப்பட்டுவிடுங்கள்.