பணத்துக்கு விதி, ஆளுக்கு மட்டும் மனசா?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று மாவட்டம் முழுக்க உள்ள கணக்குப் பிரிவுகளிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நிதி, கணக்குப் பிரிவுகளில் எல்லோருக்கும் சமமான இடம் கிடைக்கச் செய்வது நல்ல மனசா, எழுதி வைத்த விதியா?' இதுதான் தலைப்பு. எழுதி வைத்த விதிதான் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய அக்கா, "மனசு இல்லாத இடத்தில் விதி வெறும் காகிதம், கமிட்டி வெறும் பெயர்ப்பலகை" என்றார். அப்படிப்பட்ட கமிட்டிகள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் நம் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒத்துப்பார்க்கிற பேங்க் ரீகன்சிலியேஷன் நாலு மாதமாகப் போடாமல் கிடந்தால், அது இனி வேண்டாம் என்றா சொல்கிறோம்? உட்கார்ந்து போடச் சொல்கிறோம்.

நாம் பணத்தோடு புழங்குகிறவர்கள். ஒருவர் போட்ட வவுச்சரை இன்னொருவர் பார்த்துத்தான் பாஸ் செய்யவேண்டும். போடுகிற மேக்கர் ஒருவர், சரிபார்க்கிற செக்கர் ஒருவர். முப்பது வருடமாக ஒரு ரூபாய் பிசகாத கேஷியருக்கும் இதே விதிதான். வங்கிகளில் முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை, முன்கூட்டிச் சொல்லாமல், வருடத்துக்கு ஒரு தடவை தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள் கட்டாய விடுப்பில் அனுப்பவேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. தப்பு ஏதும் இருந்தால் அவர் இல்லாத நேரத்தில் வெளியே வரட்டும் என்றுதான். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காசு என்று வந்தால் யாருடைய நல்ல மனசையும் மட்டும் நம்பி நாம் இருப்பதில்லை. கூட வேலை செய்கிறவரின் மரியாதை, அவருடைய பதவி உயர்வு என்று வரும்போது மட்டும், நல்ல மேலாளர் வாய்க்கும்வரை காத்திரு என்கிறது எதிரணி. சரி, அந்த நல்ல மேலாளருக்கு டிரான்ஸ்பர் வந்துவிட்டால்?

இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் எனக்கு முக்கியம். நல்ல மனசே சில நேரம் ஆளை ஓரத்தில் உட்கார வைத்துவிடும்.

பார்வையற்ற தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். கணக்குப் பிரிவில் வேலை. என்விடிஏ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும், எக்ஸெலில் ஒவ்வொரு செல்லாகச் சொல்லும். தம்பி ஹெட்போனை மாட்டினால் நம்மைவிட வேகம். ஆனால் கிளைகளிலிருந்து கையிருப்புக் கணக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும். போட்டோவில் இருக்கிற எண்ணை அந்த மென்பொருளால் செல் செல்லாக வாசிக்க முடியாது. பக்கத்து மேசை அண்ணன் தங்கமான மனுஷர். "நான் வாசிச்சுத் தாறேன் மக்கா" என்று தினமும் தன் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார். அவர் விடுப்பு எடுத்த நாளில் தம்பி கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வருடக் கடைசியில் தம்பியின் மதிப்பீட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'தனியாக வேலை செய்ய இயலாது.'

அப்புறம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கணக்கு எதையும் படமாக அனுப்பக்கூடாது, எக்ஸெல் ஷீட்டாகத்தான் அனுப்பவேண்டும், செல்களை ஒன்றாகச் சேர்த்து மெர்ஜ் செய்யக்கூடாது. அவ்வளவுதான். அடுத்த மாதம் ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருந்ததைப் பிடித்தது அந்தத் தம்பிதான். அண்ணனின் அன்பு பெரியது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்பால் அந்தத் தம்பிக்குக் கிடைத்தது உதவி. சுற்றறிக்கையால் கிடைத்தது வேலை. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி அறிவிக்கவேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது இதற்காகத்தான்.

பிரசவ விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வாரமாக இருந்தது 2017-ல் 26 வாரமானது. அது யாருடைய மனசு இளகியும் கிடைத்ததில்லை, சட்டத் திருத்தம் வந்து கிடைத்தது. ஆனால் திரும்பி வருகிற பெண்ணுக்கு என்ன நடக்கிறது? அதுவரை ஆடிட்டரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேலன்ஸ் ஷீட் முடித்தவள், இப்போது சில்லறைச் செலவுக்கான பெட்டி கேஷ் வவுச்சர் அடுக்குகிறாள். "கைப்பிள்ளைக்காரி, பாவம், அவளுக்கு எதுக்கு அலைச்சல்?" சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? விடுப்பு முடிந்து வருகிறவருக்குப் பழைய பொறுப்பே திரும்பத் தரவேண்டும், அவராகக் கேட்டால்தான் மாற்றலாம் என்று எழுதி வைத்தால், இந்த இரக்கத்தால் ஒரு பெண்ணின் பதவி உயர்வு தள்ளிப்போகாது.

தவறு செய்கிறவரே மேலாளர் என்றால் எந்த மனசை நம்புவது? 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கவேண்டும், அதற்கு ஒரு பெண்தான் தலைவர். நம் ஊர் ஆடிட்டர் அலுவலகங்கள் பலவற்றில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அங்கே வேலை செய்கிற பிள்ளைகளும், முதலாளி மேலேயே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். வாயைத் திறக்க வழி இருப்பது பணத்துக்கும் காவல்தான். 2002-ல் அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனத்தில் 380 கோடி டாலர் பொய்க்கணக்கை உள்தணிக்கைப் பிரிவின் தலைவர் சிந்தியா கூப்பரும் அவர் குழுவும் கண்டுபிடித்தார்கள். நிதித்துறைத் தலைவர் தணிக்கையைத் தள்ளிப்போடச் சொன்னார். அவர்கள் அவரைத் தாண்டி, இயக்குநர் குழுவின் தணிக்கைக் கமிட்டிக்குப் போனார்கள். போவதற்கு அப்படி ஒரு கமிட்டி இருந்தது.

நம் மண்ணுக்கே வருகிறேன். அன்றைக்கு இந்த மண்ணும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். அதற்கு முன்னால் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே ஒதுக்கப்பட்ட சாதியினர் போராட வேண்டியிருந்தது. அன்றைக்கும் நல்ல மனசுக்காரர்கள் இங்கே இருந்தார்கள். வாசல் திறந்தது எழுத்தில் வந்தபிறகுதான். அந்த எழுத்தும் தானாக வரவில்லை, போராடியவர்கள் வாங்கித் தந்தார்கள். பல பேருடைய மனசு மாறியது அதற்குப் பிறகு, மெல்ல மெல்ல.

கடைசியாக நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாள், வருடக் கணக்கு முடிகிற மார்ச் 31. 2024-ல் அன்றைக்கு ஈஸ்டர். 2025-ல் அன்றைக்கு ரம்ஜான். இரண்டு வருடமும், அரசு வரவு செலவு பார்க்கும் வங்கிக் கிளைகளை அன்று திறந்து வைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. அய்யா வைகுண்டர் அவதார தினமான மாசி 20-ம் மார்ச் தொடக்கத்தில், வருடக் கணக்கு நெருக்குகிற நேரத்தில்தான் வருகிறது. அய்யாவின் சாமிதோப்புப் பதிக்குப் போகிறவர், கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போகிறவர், இடலாக்குடி பள்ளிவாசலுக்குப் போகிறவர் என்று மூன்று பேரும் ஒரே அறையில் வேலை செய்கிற மாவட்டம் இது. இப்படிப் பண்டிகையும் கணக்கும் சேர்ந்து வருகிற நாளில் யார் வேலைக்கு வருவது? மனசுக்கு விட்டால், முடியாது என்று சொல்லத் தெரியாத புதுப் பிள்ளையின் தலையில் விழும். பண்டிகை உள்ளவர் முந்தின நாள் சாயங்காலம் மேலாளர் அறை வாசலில் தயங்கி நிற்பார். ஜனவரியிலேயே பட்டியல் போட்டு, பண்டிகைக்காரருக்கு விடுப்பு, மற்றவர்கள் முறை வைத்து வரவேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் யாரும் யாரிடமும் கெஞ்சவேண்டாம். இந்தப் பட்டியல் இல்லாத அலுவலகங்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள், வருகிற ஜனவரிக்குள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நடுவர் அவர்களே, நன்றி, வணக்கம்.