ஜமுக்காளக் கோடு கலங்காமல் ஃபைல் சைஸைக் குறைப்பது எப்படி?

[திரையில்: பச்சையும் சிவப்பும் பட்டை பட்டையாக ஒரு பவானி ஜமுக்காளம்]

வணக்கம். பவானி ஜமுக்காளம், சென்னிமலைப் போர்வை, திருப்பூர் பனியன் என்று நம் கொங்குப் பகுதியில் பலரும் சொந்த வெப்சைட்டில் விற்கிறார்கள். துணியைத் தொட்டுப் பார்க்க முடியாதவருக்குப் படம்தான் எல்லாம். தெளிவாக இருக்கட்டும் என்று போனில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றிவிடுகிறோம். அதில் என்ன சிக்கல்?

[திரையில்: 4000 × 3000]

12 மெகாபிக்சல் போட்டோவில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒரு ஃபைல் 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பத்துப் படம் இருந்தால் 40 எம்பி. 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி. அதனால் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் நெட் கிடைப்பவருக்கு நொடிக்கு 1 எம்பிதான் இறங்கும். ஆக, எல்லாப் படமும் வர 40 நொடி. அதற்குள் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். இத்தனைக்கும் பெரும்பாலான போன் திரையின் அகலம் 1080 பிக்சல் அளவுதான்.

அதனால் முதலில் தரத்தில் கை வைக்காதீர்கள், அகலத்தைக் குறையுங்கள். 1200 × 900 ஆக்கினால் 10 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள், பதினொன்றில் ஒரு பங்குதான். நெசவை நெருக்கமாகப் பார்க்க விரும்புபவருக்கு, தொட்டால் மட்டும் திறக்கும்படி பெரிய படம் ஒன்றைத் தனியாக வையுங்கள்.

[திரையில்: ஸ்குவூஷ், இடப்பக்கம் அசல், வலப்பக்கம் சுருக்கியது]

இதற்கு ஸ்குவூஷ் (Squoosh) என்ற படம் சுருக்கும் வெப்சைட் போதும். இலவசம், பிரவுசரிலேயே வேலை செய்யும். போட்டோவுக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் இடக்குறிப்பும் நீங்கிவிடும். வீட்டிலேயே தறி வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்.

இப்போது நம் துணிக்கே உரிய ஒரு விஷயம். கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் கூர்மையாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு தெரியாது. போட்டோக்களுக்கு வழக்கமான ஃபைல் வகையான ஜேபெக் (JPEG) இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகச் சுருக்கிவிடும். இதன் பெயர் குரோமா சப்சாம்பிளிங். முகத்துக்கோ தென்னந்தோப்புக்கோ இதனால் குறை தெரியாது. ஆனால் ஜமுக்காளத்தில் சிவப்பும் பச்சையும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள்.

[திரையில்: கோட்டை நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டவும்]

விளிம்பு கலங்கி, சாயம் இறங்கியது போலத் தெரிகிறது. குழித்தறியில் நெய்தவரின் நேர்த்தியைப் படம் கெடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்குவூஷில் மோஸ்ஜேபெக்கை (MozJPEG, ஜேபெக் ஃபைலையே இன்னும் சிறிதாக்கித் தரும் முறை) தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு பகுதியில் இந்தச் சுருக்கலை நிறுத்துங்கள். ஃபைல் கொஞ்சம் கூடும், கூடட்டும். கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்பி (WebP) என்ற பட வகை பொதுவாக ஜேபெக்கைவிடச் சிறியதுதான். ஆனால் தரத்தைக் குறைத்துச் சேமிக்கும்போது நிறத்தை எப்போதும் இப்படித்தான் சுருக்கும். ஒற்றை நிற பனியனுக்கு வெப்பி, கோடு போட்ட துணிக்கு மோஸ்ஜேபெக் என்பதே என் தேர்வு. லோகோவுக்கு பிஎன்ஜி (PNG) என்ற வகை.

பக்கத்தில் கீழே இருக்கும் படங்களுக்கு லேசி லோடிங் போடும்படி வெப்சைட் செய்பவரிடம் சொல்லுங்கள். பார்ப்பவர் அங்கே நகர்ந்து வரும்போதுதான் அந்தப் படம் இறங்கும். திறந்ததும் தெரியும் முதல் படத்துக்கு மட்டும் வேண்டாம், அது தாமதமாகிவிடும்.

[திரையில்: தறி ஓடும் வீடியோ]

சரி, வீடியோ. ஒரு நொடி வீடியோவுக்கு எத்தனை மெகாபிட் என்பதுதான் பிட்ரேட். அதை நேரத்தால் பெருக்கினால் சைஸ். நொடிக்கு 16 மெகாபிட் என்றால் ஒரு நிமிடத்துக்கு 120 எம்பி. ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ சுருக்கும் இலவச சாஃப்ட்வேரில் 720பி (உயரம் 720 பிக்சல்) ஆக்கி 2 மெகாபிட்டுக்குக் கொண்டுவந்தால் 15 எம்பி. தறியில் அசைவு அதிகம் என்பதால் படம் சிதறினால் 3 வரை ஏற்றுங்கள். தானாக ஓட விடாதீர்கள். ஒரு நிலைப்படம் காட்டி, தொட்ட பிறகு ஓடட்டும்.

அப்புறம், அசல் போட்டோவை அழித்துவிடாதீர்கள். சுருக்கிய ஜேபெக்கை மறுபடி சேமிக்கும்போதெல்லாம் தரம் இன்னும் குறையும். அசலை டிசைன் நம்பர் போட்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். வேறு அளவு வேண்டும்போது அதிலிருந்தே எடுங்கள்.